மூணாம் தண்ணி

அறைக்குள் நுழைந்ததும் கருத்தம்மாள் கேட்ட முதல் கேள்வியே தப்பு.

"நான் எங்கக்கா படுக்கட்டும்?"

இடம் கேட்டு நிற்கிறவளுக்கு எவளாவது நல்ல இடத்தைக் கொடுப்பாளா? பெட்டியை ஒரு மூலையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ரத்தினம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், காலை நீட்டி வாசலைக் காட்டினாள்.

"அந்தா, நிலைப்படி ஓரமா."

அன்றையிலிருந்து கருத்தம்மாளுக்கு நிலைப்படி ஓரம்தான். தண்ணி பிடிக்கப் போகிறவளும் கக்கூசுக்குப் போகிறவளும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுகிறவள் கால் பார்த்தா வைப்பாள்?

இது எண்பத்தாறாம் வருசம். ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜு வீட்டம்மா ஒருத்தி, மாட்டுக்கொட்டத்தை இடித்துவிட்டு வரிசையாக அறைகளைக் கட்டி மில் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். எல்லா அறைக்கும் சேர்த்து ஒரு குழாய், ஒரு கக்கூசு. அறைக்கு நாலு பேர்தான். ஐந்தாவதாக ஒரு செருப்பு வாசலில் கிடந்தாலும் அந்தம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றுவிடுவாள்.

கருத்தம்மாள் இருந்த அறை ரத்தினத்தின் பேரில் இருந்தது. ரத்தினம் செட்டியார்பட்டிக்காரி. நூல்மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங்கில் பழைய கை. புருசன் இன்னொருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டான். அந்தக் கோபத்தை அவன் மேல் காட்ட முடியாததால் கைக்கு எட்டுகிறவர்கள் மேல் காட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரம் அவளுக்கு. அவளுக்கு அடுத்து வெள்ளைத்தாய். இருபது வயசு. ரத்தினம் தும்மினால் இவள் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். ஆனால் முடி மட்டும் சும்மா சொல்லக் கூடாது, அவிழ்த்து விட்டால் முழங்காலைத் தொடும். மூன்றாவது நசீமா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பேண்டேஜ் துணி வெட்டி மடிக்கிற கம்பெனியில் வேலை. பேச்சு குறைவு. யாரோடும் சண்டையும் இல்லை, சேர்த்தியும் இல்லை.

கருத்தம்மாளுக்கு ஊர் வ. புதுப்பட்டி. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்தாயிற்று. அண்ணன் கண்ணுச்சாமிதான் எல்லாம். அவன் வத்திராயிருப்பில் செங்கல் காளவாசல் வைத்திருக்கிற சிவனாண்டிக்கு இவளை இரண்டாந்தாரமாகக் கொடுக்கிறதாக வாக்குக் கொடுத்திருந்தான். சிவனாண்டிக்குப் பேரன் பேத்தி எடுத்த வயசு. மூத்தவளைச் செங்கல் சூட்டோடு சேர்த்து வாட்டி எடுத்தவன் என்று ஊருக்கே தெரியும்.

"மில்லுல ஒம் பேரு இருக்க வரைக்கும் நான் கேக்க மாட்டேன். பேரு போச்சுன்னா சிவனாண்டி அண்ணாச்சி வீடுதான். பொறவு அழுவக் கூடாது" என்று கண்ணுச்சாமி சொல்லி அனுப்பியிருந்தான்.

மில்லில் அவள் பதிலி. காலைச் சங்கு ஊதும்போது கேட்டில் நிற்க வேண்டும். யார் வரவில்லையோ அவள் இடத்தில் மேஸ்திரி இவளை உள்ளே விடுவார். புதுப்பட்டியிலிருந்து முதல் பஸ் வந்து சேருவதற்குள் சங்கு ஊதி, கேட்டும் பூட்டி, மேஸ்திரி டீயும் குடித்து முடித்திருப்பார். ஆக, ராஜபாளையத்தில் படுக்க இடம் இருந்தால்தான் மில். மில் இருந்தால்தான் காளவாசல்காரன் இல்லை. நிலைப்படி ஓரமோ, கக்கூசு ஓரமோ, அந்த ஒரு பாய் இடம்தான் அவளுக்கு உயிர்.

இதனால் அவளை ஒரேயடியாக நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்தவள் எத்தனை அகப்பை போடுகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்க்கிற புத்தி அவளுக்கும் உண்டு. அவள் வந்த புதிதில், பக்கத்து அறையிலிருந்த வத்திராயிருப்புக்காரி ஒருத்தியைக் குறட்டை விடுகிறாள் என்று சொல்லி விரட்டினார்கள். அப்போது அந்தப் பிள்ளையைப் போலவே குறட்டை விட்டுக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தவள் கருத்தம்மாள்தான்.

பங்குனி பிறந்ததும் அவள் முறை வந்தது.

ரத்தினத்தின் அக்கா மகளுக்கு மில்லில் ஆள் எடுக்கிறதாகப் பேச்சு. அவள் வந்தால் தங்க இடம் வேண்டும். அறைக்கு நாலு பேர். அப்படியானால் யார் போகிறது?

போ என்று ரத்தினம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்காரம்மாவிடம் பஞ்சாயத்து போகும். தானாகப் போக வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். முதலில் காலையில் எழுப்புகிறதை நிறுத்தினாள். கருத்தம்மாளுக்குத் தூக்கம் பிடித்தால் கல் மாதிரி. அவளை ஓசையில்லாமல் தாண்டி ரத்தினமும் வெள்ளைத்தாயும் போய்விடுவார்கள். சங்கு ஊதும்போது இவள் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பாள். அடித்துப்பிடித்து ஓடினால் கேட்டில் மேஸ்திரி கையை விரிப்பார்.

"என்னம்மா, மகாராணி பல்லக்குல வாரியோ? பதிலிக்கு இம்புட்டு தூக்கம் ஆகாதுல்ல."

நசீமாதான் ஒரு வழி செய்தாள். விடியுமுன்னே சுபுஹு தொழுகைக்கு எழுந்திருக்கும்போது போகிற போக்கில் கருத்தம்மாளின் கால் கட்டைவிரலைக் கிள்ளிவிட்டுப் போவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். கிள்ளு மட்டும்தான். அந்தக் கிள்ளில்தான் கருத்தம்மாளின் வேலை கொஞ்ச நாள் ஓடியது.

அது பலிக்கவில்லை என்றதும் வெள்ளைத்தாய் இறங்கினாள். கருத்தம்மாளின் தேங்காயெண்ணெய்க் குப்பியில் மண்ணெண்ணெயைக் கலந்துவிட்டாள். அதைத் தடவிக்கொண்டு இவள் மில்லுக்குப் போனாள். தலை எரிந்தது. ரீலிங்கில் இருந்தவர்களெல்லாம் மூக்கைப் பிடித்தார்கள்.

"ஏட்டி, தலையில அடுப்பா பத்த வைக்கப் போற?" என்று மேஸ்திரி கேட்க, மில்லே சிரித்தது.

சாயங்காலம் குழாயடியில் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டே கருத்தம்மாள் அழுதாள். வெள்ளைத்தாய் தன் முடியை முன்னால் எடுத்துப் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டு சொன்னாள்:

"இருக்கது எலிவாலு. அதுக்கு எண்ணெ என்ன, மண்ணெண்ணெ என்ன? போட்டுத் தேய்க்கதப் பாரு!"

நசீமா பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

கடைசியில் ரத்தினமே வாயைத் திறந்தாள். "வெள்ளிக்கெழம எங்கக்கா மக வாரா. வியாழக்கெழமையே நீ ஒம் பெட்டியத் தூக்கிரு. வீட்டுக்காரம்மாட்ட நான் சொல்லியாச்சு, நீ ஊருக்குப் போறேன்னு."

"நான் எங்கக்கா போவேன்? எங்கண்ணன் என்னைய..."

"ஒங்கண்ணன் கட்டிக் குடுக்கேன்னு நிக்கான். எனக்கு இருந்ததையே ஒருத்தி தூக்கிட்டுப் போயிட்டா. ஒனக்குக் கெடைக்குது, கசக்குதாக்கும்?"

புதன்கிழமை கருத்தம்மாளுக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை எழுந்திருக்கவே முடியவில்லை. நடிக்கிறாள் என்று ரத்தினம் நினைத்தாள். தகரப்பெட்டியை எடுத்து வாசல் படியில் வைத்தாள். பாயைச் சுருட்டி அதன் மேல் வைத்தாள். பிறகு கருத்தம்மாளின் கையைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கியவள் விறைத்துப்போய் நின்றாள்.

கழுத்தில், காதுக்குப் பின்னால், நெஞ்சுக்குழியில், முத்து முத்தாகத் தண்ணி கோத்துக்கொண்டு கொப்புளம்.

"அய்யோ! ஆத்தா!" ரத்தினம் தன் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டாள். "ஏட்டி வெள்ளைத்தாயி, ஓடு, வேப்பங்கொழை ஒடிச்சிட்டு வா! ஆத்தா வந்துருக்கா. நான் பாவி, ஆத்தா பெட்டியத் தூக்கி வெளிய வச்சிட்டேன்."

அம்மை போட்ட வீட்டில் அம்மை போட்டவள் மனுசி இல்லை. மாரியாத்தாளே வந்து படுத்திருக்கிறாள். மூன்று தண்ணி ஊற்றி அவளை இறக்குகிற வரைக்கும் அந்த வீட்டைவிட்டு அவளை வெளியே அனுப்பக் கூடாது. மனம் நோகச் செய்யக் கூடாது. அடுப்பில் எண்ணெய் வைத்துத் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற வாசம் ஆத்தாளுக்கு ஆகாது. கருவாடு, மீன் பேச்சே கூடாது. இதையெல்லாம் அங்கே யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

படிக்குப் போன பெட்டி உள்ளே வந்தது. நிலைப்படியில் வேப்பிலை தொங்கியது. ஜன்னல் ஓரத்தில் ரத்தினம் தன் பாயை எடுத்துவிட்டு வேப்பிலையைப் பரப்பி, தன்னுடைய வெளுத்த சேலையை விரித்துக் கருத்தம்மாளைப் படுக்க வைத்தாள். ஒன்றரை வருசத்தில் முதல் தடவையாகக் கருத்தம்மாள் காற்று வருகிற இடத்தில் படுத்தாள்.

மில்லில் அம்மை வீட்டுக்காரிகள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தினமும் வெள்ளைத்தாயும் சம்பளமில்லாமல் அறையிலேயே கிடந்தார்கள். நசீமாவின் கம்பெனியிலும் அதே பேச்சுத்தான். மருந்துத்துணி தொடுகிற கை அல்லவா? மூன்று பேரும் மாற்றி மாற்றி வேப்பங்குழையால் வீசினார்கள். இளநீர் சீவிக் கொடுத்தார்கள். ரத்தினம் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சொம்பில் தீர்த்தம் வாங்கி வந்து தெளித்தாள். நசீமாவுக்குச் சின்னதிலேயே அம்மை போட்டிருந்ததால் பயமில்லை. புண்ணைத் தொட்டுத் துடைத்ததெல்லாம் அவள்தான்.

காய்ச்சல் கொதித்த அன்று ரத்தினம் கால்மாட்டில் உட்கார்ந்து புலம்பினாள். "ஆத்தா, எங்க மேல என்ன கோவம்? என்ன கொறை வச்சோம்?"

கண்ணை மூடிக் கிடந்த கருத்தம்மாளிடமிருந்து குரல் வந்தது. "எம் பெட்டியத் தொட்ட கை எது?"

அதை அவளே சொன்னாளா, காய்ச்சல் சொன்னதா, ஆத்தா சொன்னாளா, இன்றைக்குக் கேட்டாலும் கருத்தம்மாளுக்குத் தெரியாது. ஆனால் ரத்தினம் தரையில் விழுந்ததைக் கண் இடுக்கு வழியாகப் பார்த்தாள். இரண்டாவது தடவை பேசியது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இந்தப் பிள்ளை படுத்த எடத்துல நீ படு. நிலைப்படி ஓரத்துல படு. உப்பில்லாத கஞ்சியக் குடி."

"சரி ஆத்தா."

"ஒங்கக்கா மக இந்த வாசலை மிதிக்கக் கூடாது. மிதிச்சா இந்த முத்தெல்லாம் அவ மூஞ்சில எறக்குவேன்."

"வேண்டாம் ஆத்தா! அவ வர மாட்டா. நான் சொல்லி அனுப்பிருதேன்."

சொன்னபடியே செட்டியார்பட்டிக்கு ஆள் போனது. அக்கா மகள் வரவில்லை. அவ்வளவுதான், கருத்தம்மாளின் இடம் நிலைத்துவிட்டது. அதோடு வாயைப் பொத்திக்கொண்டு மூன்று தண்ணியையும் ஊற்றிக்கொண்டு எழுந்திருந்தால், அவள் அந்த அறையிலேயே கிழவியாகியிருக்கலாம். ஆத்தாள் சொன்ன சொல்லை மீற ரத்தினத்துக்குத் தைரியம் கிடையாது.

ஆனால் வாழ்நாளெல்லாம் மிதிபட்டவளுக்குக் கையில் ஒரு கம்பு கிடைத்தால் ஒரு அடியோடு நிறுத்துவாளா?

காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பு அரித்தது, பொழுது போகவில்லை. நிலைப்படியில் சுருண்டு கிடந்த ரத்தினத்தை, தண்ணிக்குப் போகிறவர்கள் தாண்டுகிறதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு ருசி வந்துவிட்டது. வேண்டுமென்றே தண்ணி கேட்பாள். வெள்ளைத்தாய் ரத்தினத்தைத் தாண்டிப் போய் எடுத்து வருவாள். "இது வெதுவெதுன்னு இருக்கு" என்பாள். திரும்பவும் தாண்டுவாள்.

ஒரு நாள் காலையில் வெள்ளைத்தாய் குனிந்து வீசிக்கொண்டிருந்தாள். அவளுடைய சடை கருத்தம்மாளின் மேல் விழுந்தது. நல்ல தேங்காயெண்ணெய் வாசம்.

கருத்தம்மாள் கண்ணைச் செருகிக்கொண்டு தலையை ஆட்டினாள். "எண்ணெயில வெசத்தக் கலந்தவ யாரு?"

வெள்ளைத்தாயின் கையிலிருந்து வேப்பங்குழை விழுந்தது.

"எனக்கு முடி வேணும். அடியோட வேணும். இன்னைக்கே வேணும்."

"ஆத்தா, சித்திரையில என்னையப் பொண்ணு பாக்க வாராக ஆத்தா! முகவூர்ல இருந்து வாராக. கலியாணம் முடியட்டும், வந்து தாரேன். ரெண்டு வருசம் கழிச்சு..."

"எங்கிட்டயே தவணை சொல்லுதியா?"

ரத்தினம்தான் வெள்ளைத்தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். கோயில் வேப்பமரத்தடியில் நாவிதரை உட்கார வைத்து வழித்தார்கள். திரும்பி வந்தபோது வெள்ளைத்தாய் தலையில் சந்தனம் பூசியிருந்தது. முட்டாக்கை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். அழக் கூடாது, ஆத்தாள் கோபித்துக்கொள்வாள் என்று ரத்தினம் சொல்லியிருந்ததால் அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இல்லாத சடையை முன்னால் எடுத்துப் போடுவதற்காகத் தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டு போனாள். கை சும்மா திரும்பி வந்தது.

கருத்தம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அரிக்கிறவளைப் போல முதுகைக் குலுக்கினாள். சிரிப்பு.

மறுநாள் முதல் தண்ணி. வெயிலில் வைத்த தண்ணியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு ரத்தினம் ஊற்றினாள். முதல் தண்ணி ஊற்றியதும் பசி வரும் பாருங்கள், அது சாதாரணப் பசி இல்லை. கூழும் மோரும் குடித்துக் குடித்து நாக்கு செத்திருந்தது. மத்தியானம் பக்கத்து அறையில் எவளோ கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கடுகு வெடித்தது. கறிவேப்பிலை விழுந்தது. ஜன்னல் வழியாக வாசம் நேரே வந்து அவள் மூக்கில் உட்கார்ந்தது.

ரத்தினம் குழாயடிக்குப் போயிருந்தாள். வெள்ளைத்தாயும் கூடப் போயிருந்தாள். நசீமா மட்டும் இளநீரோடு வந்தாள்.

"ஏட்டி நசீமா" என்று கருத்தம்மாள் மெதுவாகக் கூப்பிட்டாள். "எனக்கு ஒரு கரண்டி கருவாட்டுக் கொழம்பு வாங்கியாயேன். தூக்குவாளியில ஒளிச்சுக் கொண்டா. ரத்தினத்துக்குத் தெரிய வேண்டாம்."

நசீமா அவளையே பார்த்தாள். "ஆத்தா கேக்காளா, நீ கேக்கியா?"

"நான்தாம்ட்டி. நீ என்னத்துக்குப் பயப்படுத? ஒங்க சாமி வேற. ஆத்தா ஒன்னைய என்ன செய்யப் போறா?"

"அப்ப வெள்ளைத்தாயி முடி?"

கருத்தம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவ மண்ணெண்ணெய ஊத்தி என்னைய அழ வச்சப்ப நீ பாத்துட்டுத்தான நின்ன? இப்பயும் பாத்துட்டு நில்லு."

நசீமா சிரிக்கவில்லை. இளநீரைத் தரையில் வைத்தாள்.

"எனக்கு அம்மை போட்டப்ப எங்கம்மா வாசல்ல வேப்பெல கட்டுனா. மாரியம்மன் கோயில் தீர்த்தம்தான் என் மேல தெளிச்சா. வீட்டுல மூணு தண்ணி வரைக்கும் தாளிக்கல, மீனாணம், கறியாணம் காச்சல. எங்க வாப்பா வெறும் மோருச்சோறு தின்னாக. நீ எங்கிட்ட வந்து ஒங்க சாமி, எங்க சாமிங்க."

"ஏட்டி, சொல்லிராத. நீதான எனக்கு..."

நசீமா நிலைப்படிக்குப் போனாள். குழாயடி கேட்கிற மாதிரி, ஒன்றும் தெரியாதவளைப் போலக் கேட்டாள்:

"ரத்தினக்கா! கருத்தம்மாளுக்குக் கருவாட்டுக் கொழம்பு வேணுமாம். ஆத்தா கருவாடு திம்பாளாக்கா?"

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

செத்த நேரம் கழித்து ரத்தினம் உள்ளே வந்தாள். பின்னால் வெள்ளைத்தாய். கருத்தம்மாள் கண்ணைச் செருகப் பார்த்தாள், தலையை ஆட்டப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ரத்தினம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்குழையை எடுத்தாள். வீசினாள்.

"மோர் குடிக்கியாம்மா?" என்றாள். தேன் மாதிரிக் குரல்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. ஆத்தாள் இன்னும் இறங்கவில்லை அல்லவா? பேசியது பொய்யாக இருக்கலாம், உடம்பில் இருக்கிற முத்து பொய்யில்லை. மூணாம் தண்ணி ஊற்றுகிற வரைக்கும் அவளுக்கு ஒரு குறை வைக்க முடியாது. வைக்கவும் இல்லை. கூழ் நேரத்துக்கு வந்தது. இளநீர் வந்தது. வீசினார்கள், துடைத்தார்கள், விரிப்பை மாற்றினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் தண்ணியையும் ஊற்றினார்கள். வெள்ளைத்தாய் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, முட்டாக்கை எடுத்துவிட்டு, மொட்டைத் தலையோடு நாள் பூராவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கருத்தம்மாள் வேறு வேலையில் இறங்கினாள். முத்து உதிர்ந்துவிட்டால் மூணாம் தண்ணி வந்துவிடும். அதனால் காய்ந்த பொருக்கையெல்லாம் போர்வைக்குள் நகத்தால் பிய்த்தாள். கன்னத்தில், மூக்கில், நெற்றியில். ரத்தம் வந்து திரும்பப் புண்ணானால் தண்ணி தள்ளிப்போகும் என்று கணக்கு.

"பாருங்கக்கா, இன்னும் எறங்கல, ஈரமா இருக்கு" என்றாள்.

ரத்தினம் குனிந்து பார்த்தாள். "எறங்கிட்டாம்மா. இதெல்லாம் நீ பிச்சது."

நசீமாவைக் கெஞ்சினாள். "ஏட்டி, காலையில கிள்ளி எழுப்புவியே, அந்தப் பழக்கத்துக்காவது ரத்தினக்காட்ட ஒரு வார்த்தை சொல்லேன்." நசீமா புண்ணுக்குச் சாம்பல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மூணாம் தண்ணி அன்று ரத்தினமே விடிந்ததும் தண்ணியை வெயிலில் வைத்தாள். மஞ்சள் அரைத்தாள். கருத்தம்மாளை மணையில் உட்கார வைத்துத் தலையோடு ஊற்றினாள். பெற்ற மகளுக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினாள். காதுக்குப் பின்னால் தேய்த்தாள். துவட்டினாள். வெளுத்த சேலை கட்டிவிட்டாள். பானகம் கரைத்து எல்லா அறைக்கும் கொடுத்தாள். பிறகு நிலைப்படியிலிருந்த வேப்பிலையை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கிணற்றோரம் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஆத்தாளுக்கு முடி நேந்தது ஒன் வாயி. குடுத்தது இவ. இது என்ன ஞாயம்ட்டி?"

வெள்ளைத்தாயின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. பேண்டேஜ் துணி வெட்டுகிற கத்தரி. அது யாருடையது என்று கருத்தம்மாளுக்குத் தெரியும். ரத்தினம் அவளுடைய கையிரண்டையும் பின்னால் பிடித்துக்கொண்டாள். வெள்ளைத்தாய்க்கு வெட்டிப் பழக்கமில்லை. ஓர் இடத்தில் ஒட்ட, ஓர் இடத்தில் கொத்தாக, காது மடலில் ஒரு வெட்டு. வெட்டும்போது வெள்ளைத்தாய் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். கருத்தம்மாள் போட்ட சத்தத்துக்கு வீட்டுக்காரம்மா பின்வாசலுக்கு வந்து "ஏமிட்டி அங்க?" என்று கேட்டாள். குழாயடியில் தண்ணி பிடித்துக்கொண்டிருந்த நசீமா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"ஒண்ணுமில்லம்மா. மூணாந்தண்ணி."

மத்தியானம் கண்ணுச்சாமி வந்தான். வத்திராயிருப்பு பஸ் கண்டக்டரிடம் ரத்தினம் முந்தின நாளே சொல்லிவிட்டிருந்தாள். தகரப்பெட்டி வாசல் படியில் இருந்தது. அதன் மேல் பாய். பாயின் மேல் கருத்தம்மாள்.

"இந்தாங்க தம்பி ஒங்க தங்கச்சி. மூணு தண்ணியும் ஊத்தியாச்சு. ஒரு கொறையில்லாமப் பாத்துக்கிட்டோம்" என்றாள் ரத்தினம். அதில் ஒரு சொல் பொய்யில்லை.

கண்ணுச்சாமி தங்கச்சியின் தலையைப் பார்த்தான். "முடி என்னாச்சு?"

"ஆத்தா கேட்டா, குடுத்தாச்சு."

புதுப்பட்டியில் இறங்கியதும் அண்ணிகாரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சித்திரையில் சிவனாண்டி வந்தான். பலகையில் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டு, பொண்ணைக் கூப்பிடுங்கள் என்றான். வந்து நின்றாள். அங்கங்கே முளைத்த தலை. பிய்த்த பொருக்கெல்லாம் குழி குழியாக நின்ற முகம்.

"ஏலே கண்ணுச்சாமி, சுட்ட செங்கல்லுல ஒடைஞ்சதத் தனியா ஒதுக்கி வைப்போம். நீ அதக் கொண்டாந்து என் தலையில கட்டப் பாக்கியே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

அவள் பயந்தது நடக்கவில்லை. ஆனால் அதற்கு அவள் சந்தோசப்பட முடியவில்லை. ஒதுக்கிய செங்கல்லுக்கு அண்ணன் வீட்டில் என்ன மரியாதையோ, அதுதான் அவளுக்கும். மாட்டுக்கொட்டத்தில் படுத்தாள், மாட்டுக்குப் பின்னால் சாப்பிட்டாள். அப்படி நாலைந்து வருசம் போனது. ஒரு நாள் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அங்கே ஒரு நூல்மில்லில் கூட்டிப் பெருக்குகிற வேலை. பிறகு கோன் சுற்றுகிற வேலை. தொண்ணூற்று மூன்றில் அவள் பேரிலேயே ஒரு அறை. அதில் மூன்று பெண்கள்.

ஜன்னல் ஓரம் அவளுக்கு. அதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைத்தாயை அந்த முகவூர்க்காரர்கள் வந்து பார்த்தார்களாம். என்ன நேர்த்திக்கடன் என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லத் தெரியாமல் முழித்தாளாம். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. இதை ராஜபாளையம் மில் ரீலிங்கிலிருந்து வந்த ஒருத்தி சொன்னபோது, கருத்தம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வேற எடத்துல முடிஞ்சுதா?" என்று கேட்டாள். தெரியாது என்றாள் அவள். கருத்தம்மாள் சாப்பிட்டு முடித்தாள்.

அவள் அறையில் அவளே காலையில் எல்லாரையும் எழுப்புவாள், காலால். எண்ணெய்க்குப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். எவளையாவது பிடிக்காவிட்டால் மறைமுகமெல்லாம் கிடையாது. பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவாள். புதிதாக வருகிறவளிடம் ஊர் கேட்க மாட்டாள், சாதி கேட்க மாட்டாள். ஒரே ஒரு கேள்விதான்.

தொண்ணூற்று ஐந்தில், ஒரு சாயங்காலம், சோலைராஜ் என்கிற மேஸ்திரி அனுப்பினதாகச் சொல்லிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் பை. அழுது வீங்கிய முகம். கன்னத்தில் அடித்த விரல் தடம்.

"நான் எங்கக்கா படுக்கட்டும்?"

கருத்தம்மாள் வெங்காயம் உரிக்கிறதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அம்மை போட்டாச்சா?"

"என்னக்கா?"

"ஒனக்குச் சின்னதுல அம்மை போட்டிருக்கான்னு கேக்கேன்."

"இல்லக்கா. ஊசி போட்டிருக்கு. இந்தா, தழும்பு இருக்கு." அவள் சட்டைக்கையை மேலே தூக்கிக் காட்டினாள்.

"அது ஊசி. நான் கேட்டது ஆத்தாள. போட்டவளுக்குத் திரும்பப் போடாது. ஒனக்குப் போடல. எடம் இல்ல."

"அக்கா, ஊருக்குப் போனா எங்க சித்தப்பா என்னைய வெட்டிருவாருக்கா. நான் வாசல் ஓரமாப் படுத்துக்கிடுதேன். ஒரு ஓரமா..."

உள்ளே இருந்த மூன்று பெண்களும் கருத்தம்மாளைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "பாவம்க்கா, ஒரு நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள். கருத்தம்மாள் கத்தியை அவள் பக்கம் திருப்பியதும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண்ணுக்கு நீளச் சடை. பைக்குக் கீழே தொங்கியது. கருத்தம்மாள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கடைசி வண்டி நிக்கு, ஓடு" என்றாள். பிறகு வெங்காயத்தை எடுத்தாள்.